மாவு பிசையும் முன்னே போன் போடு

"எந்தக் கடைக்குப் போகலாம் மாமா?" என்று கேட்கிறாய். கடை எங்கேயும் ஓடிவிடாது மாப்பிள்ளை, முதலில் டீயைக் குடி. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆடப்போகிறீர்கள், ராத்திரி எல்லாரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போகிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் விருதுநகர்ப் பக்கம் இப்படிப்பட்ட ராத்திரிகள் ருசியால் கெடுவதில்லை. சுமாரான கடையில்கூட சால்னா சுமாராக இருக்காது. தலைக்கணக்கிலும் நேரத்திலும்தான் கெடும். அதிலும் நீ நினைக்கிற நேரம் வேறு, நான் சொல்கிற நேரம் வேறு. உன் மனசில் ராத்திரி ஒன்பது மணி ஓடுகிறது. நான் சொல்வது மத்தியானம், கடையில் மாவு பிசைகிற நேரம்.

11 பேர் என்கிறாய். "வந்தாலும் வருவான்" என்று இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் சனிக்கிழமை ராத்திரிக்குள் வருவேன், மாட்டேன் என்று சொல்ல வைத்துவிடு. நீங்கள் ஆடுகிற ஆட்டமெல்லாம் நாலு பேர் கணக்கு. பிஜிஎம்ஐ ஸ்குவாடுக்கு நாலு பேர், கேரம் போர்டுக்கு நாலு பேர், லூடோவில் நாலு நிறம். பரோட்டாக் கடை மேசையும் பெரும்பாலும் நாலு பேருக்குத்தான். 11 என்றால் மூன்று மேசை, ஒரு நாற்காலி மிச்சம். 13 என்றால் நாலாவது மேசையில் ஒருத்தன் மட்டும், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிடுவான். மேசைகளை ஒட்டிப்போட்டுத் தரச்சொல்லி அடம்பிடிக்காதே. ராத்திரி எட்டரைக்கு பரிமாறுகிற அண்ணன்மார் ஓடுகிற ஓட்டத்தில், நடைபாதையை அடைத்துக்கொண்டு நீளமாக உட்காரும் கூட்டத்தைப் பார்த்தால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும். எரிச்சலில் இருக்கிறவரிடம் இரண்டாம் தடவை சால்னா கேட்டுப் பார்.

இப்போது மாவுக் கதைக்கு வருகிறேன். இதை மட்டும் பொறுமையாகக் கேள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

வேறு ஊரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவார்கள். நம் ஊரில் பொரிப்பார்கள். விளிம்பு வைத்த கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கும், அதில் பரோட்டா பாதி முழுகிக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பர்மா கடை பெயரைச் சொல்லிக்கொண்டு இங்கே வந்து இறங்குவது இந்தப் பொரித்த பரோட்டாவுக்குத்தான். மைதாவில் உப்பும் தண்ணீரும் எண்ணெயும் சேர்த்து அடித்துப் பிசைந்ததும் மாவு முறுக்கிக்கொள்ளும். அப்போதே விரித்தால் ரப்பர் மாதிரி சுருங்கிவிடும். மைதாவிலுள்ள பசைப்புரதம் இளக வேண்டும், அதற்கு நேரம் கொடுத்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. அதனால்தான் மத்தியானமே பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, மறுபடியும் ஊறவிடுகிறார்கள். சாயங்காலம் மாஸ்டர் ஒரு உருண்டையை எடுத்து வீசினால் அது கண்ணாடித்தாள் மாதிரி விரிவது அந்த ஊறலால்தான். கைவித்தை பாதி, காத்திருப்பு பாதி.

வீசியதைக் கொசுவிச் சுருட்டித் தட்டி எண்ணெயில் போட்டதும், அடுக்குகளுக்கு நடுவிலிருக்கிற ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் பிரித்துத் தள்ளும். மேல்தோலில் ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும். எடுத்துச் சில நிமிஷம்தான் அந்த மொறுமொறுப்பு. உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல வெளித்தோலுக்கு ஏறும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலோ ஆவி வெளியேற வழியில்லாமல் தோல் தொய்ந்துபோகும். ஆறினால் ஜவ்வு. ஆகவே, "11 பேர் வருகிறோம், 40 பரோட்டா போட்டு வையுங்கள்" என்று முன்கூட்டிச் சொல்வது, நல்ல சாப்பாட்டை நாமே கெடுத்துக்கொள்கிற வேலை. கொஞ்சம் மானமுள்ள மாஸ்டர் அப்படிப் போட்டு வைக்கவும் மாட்டார்.

முன்கூட்டிச் சொல்லவேண்டியது வேறு. ஒன்று, உருண்டை. பிசைந்த மாவு எவ்வளவோ அவ்வளவுதான் அன்றைய வியாபாரம். ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் கும்பலாகப் போய் இறங்கினால், மாவு தீர்ந்த கடையில் புதிதாகப் பிசைந்து தர யாராலும் முடியாது. ஆளுக்கு நாலு என்று வைத்தாலும் 11 பேருக்கு 44. நம் ஊர்ப் பரோட்டா அளவில் சின்னது, உங்கள் வயசுக்கு நாலோடு நிறுத்தவும் மாட்டீர்கள். ஐம்பதுக்குக் குறையாத கூடுதல் தேவை என்பது மத்தியானமே தெரிந்தால் கடைக்காரர் அதற்கேற்ப மூட்டை பிரிப்பார். இன்னொன்று, தொட்டுக்கொள்ள. மட்டன் சுக்கா, ஈரல், குடல், நாட்டுக்கோழி எல்லாம் காலையில் வாங்கின கறியளவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலேயே பாதி போய்விடும். சுக்கா காத்திருக்கும், அடுப்பு ஓரத்தில் இருந்தால் இன்னும் நன்றாக ஊறும். பரோட்டா காத்திருக்காது. சுக்காவை ஒதுக்கி வைக்கச் சொல், பரோட்டாவைச் சுடச்சுடப் போடச் சொல். எனக்குத் தெரிந்த ரகசியம் இவ்வளவுதான், இதைச் செய்யாமல் வந்து ஆளாளுக்குக் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் நிறையப்பேர்.

இதற்கெல்லாம் மூன்று தடவை நேரில் போகவேண்டாம். ஞாயிறு பதினொரு மணிவாக்கில் ஒரு போன் போதும். துவரம்பருப்பு மூட்டையும் நல்லெண்ணெய் டின்னும் வாய்ப்பேச்சிலேயே கைமாறுகிற ஊர் இது. வாராவாரம் பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று வருகிற விலைப்பட்டியலுக்குப் பின்னால் எத்தனை போன் பேச்சு இருக்கும் என்று நினைத்துப் பார். போனில் சொன்ன சொல்லுக்கு இங்கே மதிப்பு உண்டு, அதே அளவுக்கு மீறினால் கெட்டபெயரும் உண்டு. இப்படிப் பேசு: "அண்ணாச்சி வணக்கம், ராத்திரி எட்டே காலுக்கு நாலு பேர், எட்டரைக்கு நாலு பேர், எட்டே முக்காலுக்கு மூணு பேர் வர்றோம். சுக்கா அஞ்சு பிளேட் எடுத்து வச்சிருங்க. பரோட்டா வந்தப்புறம் போட்டாப் போதும். வரலைன்னா ஆறு மணிக்குள்ள சொல்லிருதேன்." கடைசி வாக்கியத்தை மறக்காதே. அண்ணாச்சி உன்னை மனுஷனாக மதிப்பது அந்த வாக்கியத்துக்காக.

ஏன் மூன்று ஈடாக வரச் சொல்கிறேன்? கல்லிலிருந்து பரோட்டா ஈடு ஈடாகத்தான் இறங்கும். எவ்வளவு பெரிய கல்லானாலும் உங்கள் 11 பேருக்கும் ஒரே ஈட்டில் முதல் சுற்று போடமுடியாது, கடையில் மற்ற ஜனமும் இருக்கிறது, பார்சலுக்கு வாசலில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் நாலு பேர் சாப்பிடுவார்கள், ஏழு பேர் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கால் மணி இடைவெளியில் வந்தால் ஒவ்வொரு மேசைக்கும் சுடச்சுட விழும். கொத்துப் பரோட்டா ஆசையிருந்தால் மூன்று மேசையும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒருத்தனுக்கு முட்டைக் கொத்து, ஒருத்தனுக்குச் சிக்கன் கொத்து, ஒருத்தனுக்கு வீச்சு என்று ஆளுக்கொன்றாகச் சொன்னால் கல்லின் பாதியை நீங்களே மறித்துக்கொண்டதாகிவிடும்.

சரி, யார் முதலில் போவது? இதற்கு உங்கள் ஆட்டமே வழிசொல்கிறது. பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், மறுவருஷம் ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதையும் நிறுத்தினார்கள், 2023 மே மாதம் மறுபடி விட்டார்கள். இத்தனை அலைக்கழிப்பிலும் மாறாத ஒன்று, கடைசிவரை நின்றவனுக்குத் திரையில் வருகிற 'சிக்கன் டின்னர்' வாழ்த்து. அந்த டின்னர் வயிற்றுக்கு ஆகாது. ஒரு மேட்ச் முழுசாக ஓடினால் அரைமணி நேரம் போய்விடும். "இன்னும் ஒரே ஒரு மேட்ச்" என்று ஒருத்தன் சொல்லும்போது அவன் உன்னிடம் அரைமணி நேரம் கேட்கிறான் என்று புரிந்துகொள். ஏழரை மணிக்குக் கடைசி மேட்ச். அதில் முதலில் செத்தவர்கள் சும்மா உட்கார்ந்து அடுத்தவன் தோளுக்குப் பின்னாலிருந்து யோசனை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பட்டும். தோற்றவனுக்கு முதல் ஈடு, ஜெயித்தவனுக்குக் கடைசி ஈடு. எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது.

பகல் தீனியையும் கொஞ்சம் கட்டுப்படுத்து. உன் அத்தை ஆறு மணிக்குப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தால் எட்டரைக்குப் பசி எங்கேயிருந்து வரும்? நாலரைக்கு டீ, சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம், அதோடு சரி. சேவு தின்ற கையோடு கேரம் காயைத் தொட்டால் போர்டு எண்ணெய்ப்பசையாகி ஸ்ட்ரைக்கர் ஓடாது, அது தனிச் சண்டை. 18ஆம் நூற்றாண்டில் சாண்ட்விச் பிரபு என்ற ஆங்கிலேயர் சீட்டாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே கறியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார், அதுதான் சாண்ட்விச் ஆனது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த மனுஷருக்குச் சால்னா ஊற்றிப் பிசைந்த பரோட்டா கிடைத்திருந்தால் சீட்டைக் கீழே வைத்திருப்பார். நம் சாப்பாட்டில் அந்த ஒரு வசதி. விரல் ஐந்தும் வேலையில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது.

எந்த ஞாயிறு என்பதையும் பார்த்து வை. புரட்டாசியில் வைத்தாயானால் கூட்டத்தில் பாதிப்பேர் கறி தொடமாட்டார்கள், சாப்பிடுகிற பாதியும் அவர்கள் முன்னால் சங்கடப்பட்டுச் சாப்பிடும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் இருப்பார்கள். பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தால் அது வேறு கணக்கு. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜெயந்தி நாட்களில் இறைச்சிக்கடை அடைப்பு இருக்கும், ஞாயிற்றுக்கிழமையில் அது விழுகிறதா என்று காலண்டரைப் பார். காலண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. உன் சிவகாசி சேக்காளிகளில் அச்சாபீஸ் வேலையில் இருக்கிறவர்களை ஆடிப்பெருக்குக்குப் பிறகு கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. ஆடி 18-ல் புது வருஷக் காலண்டர் ஆல்பத்தைப் போட்டதும் ஆர்டர் வந்து குவிய ஆரம்பிக்கும், மார்கழிவரை ராத்திரி ஷிப்ட் ஓடும். பட்டாசு ஆபீஸ்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் ஆகாது. அந்தச் சமயம் சிவகாசிக்கே போகாதே. எங்கெங்கிருந்தோ காரிலும் வேனிலும் பட்டாசு வாங்க வந்தவர்கள் ஓட்டல் மேசைகளைப் பிடித்திருப்பார்கள். தீபாவளி முடிந்தபின் ஆபீஸ்கள் சில நாள் மூடிக்கிடக்கும், கையில் போனஸும் மனசில் ஓய்வும் இருக்கும். எல்லாரையும் ஒருசேரப் பிடிக்க அதைவிட நல்ல காலம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

சைவம் சாப்பிடுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் அல்லவா, அவனை "சால்னா மட்டும் ஊத்திக்கோ" என்று சொல்லிவிடாதே. பல கடைகளில் சால்னா எலும்புபோட்டுக் கொதித்ததுதான். சைவக் குருமா தனியாக உண்டா, தோசைக்குக் கல் தனியா என்று அதே போனில் கேட்டுவிடு. இல்லையென்றால் அந்தக் கடை வேண்டாம், தோசையும் பரோட்டாவும் இரண்டும் கிடைக்கிற கடைக்குப் போ. ஒருத்தனுக்காகக் கடையை மாற்றுவதா என்று எவனாவது முனகினால், அடுத்த தடவை அவனைச் சைவ ஓட்டலுக்குக் கூட்டிப்போய் உட்கார வை.

ஊர் திரும்புகிறவர்களின் கணக்கு இன்னொன்று. சென்னைக்குப் பொதிகையில் போகவேண்டியவன் செங்கோட்டையிலிருந்து சாயங்காலமே வண்டி கிளம்பிவிடுகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். அவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது, பார்சல்தான். சிவகாசி நண்பர்களுக்கு விருதுநகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்போல இருக்கும், கடைசிப் பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள். எண்ணெய்ப் பரோட்டா நிறைந்த வயிற்றோடு நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம். பட்டாசு ஆபீஸ்காரனுக்குத் திங்கள் விடிகாலை கம்பெனி வேன் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு மருந்துக் கலவைப் பக்கம் ஒருத்தன் போகக்கூடாது, அந்த ஒரு காரணத்துக்காகவே பத்து மணிக்குமுன் முடித்தாகவேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் ராத்திரி பகல் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று அரசு 2019-ல் அனுமதி கொடுத்து, 2022-ல் அதை நீட்டித்தது உண்மைதான். சட்டப்படி கதவு திறந்திருக்கலாம். உருண்டைத் தட்டு காலியானால் திறந்திருந்து என்ன பயன்?

பணத்துக்கு வருவோம். "தோற்ற ஸ்குவாட் பில் கட்டணும்" என்று பந்தயம் வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடு. பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. உங்கள் பரோட்டாப் பந்தயம் அதில் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தோற்றவன் பணம் என்றால் ஜெயித்தவன் வயிறு பெரிதாகிவிடும், கண்டிருக்கிறேன். பரோட்டாவும் தண்ணீர் பாட்டிலும் பொதுக் கணக்கு, தலைக்குச் சமமாகப் பங்கு. கறி சாப்பிட்டவர்கள் கறியை மட்டும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும். மேசைக்கு ஒருத்தன் பரோட்டா எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் எழுதிவைத்து எண்ணமாட்டார்கள், எழுந்ததும் "எத்தனை?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். பணத்தை ஒருத்தன் ஜிபேயில் கட்டி அன்று ராத்திரியே மற்றவர்களிடம் வாங்கிவிட வேண்டும். விடிந்தால் வராது. சின்னக் கடைகள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வரியென்று தனியாக உன்னிடம் வாங்கக்கூடாது. மற்றக் கடைகளில் 5 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கும், அதைப் பார்த்து யாரும் மீசையை முறுக்கவேண்டாம். மதுரைக்குப் போய்ப் பெரிய ஓட்டலில் சாப்பிட்டு, பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயப்படுத்தக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. நம் பரோட்டாக் கடைகளில் அந்தப் பேச்சே கிடையாது, பரிமாறின அண்ணன் கையில் நீயாகப் பார்த்து ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு வா.

கடைசியாகப் பார்சல். வீட்டில் அத்தைக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் வேண்டும், பகல் முழுக்க உங்கள் கூச்சலைப் பொறுத்தது அவர்கள்தான். அதையும் காலைப் போன் கணக்கில் சேர்த்துச் சொல். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை போட்டு எறிகிற பிளாஸ்டிக் பைக்குத் தடை. இன்னும் சில கடைகளில் சால்னாவைப் பையில் கட்டித்தான் கொடுக்கிறார்கள், சூட்டோடு அதில் ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை. தூக்குவாளி ஒன்று எடுத்துப் போ. முதலில் கிளம்புகிற தோற்ற கோஷ்டி கையில் கொடுத்தனுப்பினால் அவர்களே வாங்கி வைத்துவிடுவார்கள். பரோட்டாவை வாழையிலையில் கட்டச் சொல், அச்சடித்த பேப்பரில் நேராக வைத்துக் கட்டினால் மை எண்ணெயில் இறங்கும். அத்தைக்குப் பரோட்டா ஆகாது என்றால் அவளுக்கு என்ன வேண்டுமென்று இப்போதே கேள். அன்றைக்குக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்வாள், பிறகு நீங்கள் கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்து "காடை இல்லையா?" என்பாள்.